மணிக்கொரு ஆல் ஓகே

டிசம்பர் 9, செவ்வாய்

கடைசி லீவு பார்ட்டி இன்று காலை இறங்கிவிட்டது. ஐந்து பேர், இடுப்பில் ஒரே கயிறு. ரூபஸ் கடைசி ஆள். வளைவு திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனான், திருவிழாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி. இனி பிப்ரவரி கடைசி வரை இந்தப் போஸ்டுக்கு யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. மிச்சம் பதினான்கு பேர்.

இது பழைய வயர்லெஸ் லாக் புத்தகம். பின்பக்கங்கள் காலியாகக் கிடந்தன. இடத்தின் பெயர், உயரம், எதிரே யார் என்பதெல்லாம் எழுதக்கூடாது. ஆகவே மலை, பனி, நாங்கள், அவ்வளவுதான். என் வேலை வயர்லெஸ் செட்டின் முன்னால் உட்கார்ந்து மணிக்கொரு தடவை கீழே பேஸ் கேம்புக்கு 'ஆல் ஓகே' சொல்வது. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், எதிரி வரவில்லை, பனி சரியவில்லை என்று அர்த்தம். மூன்று பேர் முறை வைத்துச் சொல்கிறோம்.

ரூபஸ் போனது என் இடத்தில். லீவு என் பெயருக்குத்தான் வந்திருந்தது. அவன் தங்கைக்கு 29ஆம் தேதி கல்யாணம், கூடவே கிறிஸ்துமஸும் வருகிறது. விட்டுக்கொடுத்தேன். எங்கள் போஸ்டுக்குப் பெரியவர் சுபேதார் கோதண்டம் சாப், வேலூர்க்காரர். அவர் இரண்டு தடவை கேட்டார்.

"இன்னாய்யா பூவலிங்கம், உன் ஊட்லதான டெலிவரி? நல்லா யோசிச்சுக்கோ."

"பரவால்ல சாப். அவ அண்ணன் வீட்ல இருக்கா. அவங்க பாத்துக்குவாங்க."

மனைவி மாரீஸ்வரியிடம் லீவு மறுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவனுக்கு நல்லது செய்யப் போய்ச் சொன்ன பொய். இதில் எழுத வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 10

மைனஸ் இருபத்திரண்டு. பற்பசை கல்லாகிவிட்டது. ஆல் ஓகே.

டிசம்பர் 14, ஞாயிறு

ஞாயிறுதான் சேட்டிலைட் போன் நாள். ஆளுக்கு மூன்று நிமிடம். சாப் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்பார். நாம் பேசுவது ஒரு நொடி கழித்துத்தான் அங்கே போய்ச் சேரும். அது தெரியாமல் புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து மூன்று நிமிடத்தையும் "ஆங்? என்ன?" என்றே தீர்ப்பார்கள். நானும் மாரியும் பழகிவிட்டோம். அவள் ஒன்று சொல்லி நிறுத்துவாள். நான் ஒன்று எண்ணிவிட்டுப் பேசுவேன்.

"டாக்டரம்மா ஜனவரி பதினேழுன்னு சொல்லிருக்காங்க. முன்னப்பின்ன ஆகலாமாம்."

"மாடிப்படி ஏறாத."

"அண்ணன் வீட்ல மாடியே இல்லங்க."

"சரி, வாசப்படி."

சிரித்தாள். பிறகு கேட்டாள்: "மறுபடி ஒரு தடவை லீவு கேட்டுப் பாருங்களேன்? ஒரு வாரம் போதும். ஆஸ்பத்திரில நான் உள்ள போகையில நீங்க வெளிய நின்னாப் போதும்."

பாதை மூடிவிட்டது என்றேன். அதுவாவது உண்மை.

டிசம்பர் 19

காலையில் இரண்டு மணி நேரம் பனி வெட்டினோம். வெட்டிய பனியை உருக்கித்தான் குடிக்க, சமைக்க, துலக்க எல்லாம். ஒரு டின் பனியை உருக்கினால் கால் டின் தண்ணீர் வருகிறது.

மேலே உள்ள சரிவில் புதுப்பனி நிறைய ஏறியிருக்கிறது. சத்தமே கூடாது என்று சாப் உத்தரவு போட்டிருக்கிறார். சத்தத்தில் பனி சரியாது என்று எங்கேயோ படித்தேன் என்றேன். "நீ படிச்சத பனி படிச்சுதா?" என்றார். ஆகவே பதினான்கு தடிமாடுகளும் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவர்கள் மாதிரி குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஏன் அந்த உதாரணம் வந்தது என்று தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். பேனா மை உறைந்துவிட்டது. பென்சிலில்தான் எழுதுகிறேன், எப்போது வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளலாம், இருக்கட்டும்.

டிசம்பர் 25, வியாழன்

ரூபஸ் போவதற்கு முன் ரேஷன் அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு நட்சத்திரம் செய்து வைத்திருந்தான். உள்ளே டார்ச்சை வைத்துப் பதுங்குகுழிக்குள்ளேயே தொங்கவிட்டோம். வெளியே தொங்கவிட்டால் எதிரில் இருப்பவனும் கொண்டாடிவிடுவான். பிஸ்கட்டை நுணுக்கி, பால் பவுடரும் சர்க்கரையும் போட்டு, குக்கரில் வெயிட் போடாமல் ஒரு கேக் செய்தேன். மேலே தோசை, கீழே கரி. பெருமாள் பக்தரான கோதண்டம் சாப் முதல் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றார்.

ரூபஸ் இந்நேரம் தன் ஊரான நாசரேத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஆனால் எனக்கு நினைப்பெல்லாம் அவன் பையில் இருக்கிற ஆப்ரிகாட் பொட்டலத்தின் மேல். கிளம்புகிற அன்று சொன்னான்:

"போற வழியில விருதுநகர்ல எறங்கி மதினியைப் பாத்துட்டுப் போறேம்ணே. வெறுங்கையோடவா போவேன்? நீங்க குடுத்து விட்டதாச் சொல்லி இதைக் குடுக்கேன்."

"வேண்டாம்டா. நேரா ஊருக்குப் போ."

"என்னண்ணே இப்படிச் சொல்லுதிய? எனக்காக எம்புட்டுப் பெரிய காரியம் செஞ்சிருக்கிய."

போகாதே என்றதற்குக் காரணம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பான். 'நான் வீட்டில் பொய் சொல்லியிருக்கிறேன்' என்று நாலு வார்த்தை போதும். சொன்னால் ஏன் பொய் சொன்னேன் என்று அடுத்து கேட்பான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

போன் கிடைக்கவில்லை. மேகம்.

ஜனவரி 1

பேஸ் ஆபரேட்டர் பிஸ்வாஸ், வங்காளி. முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். பன்னிரண்டு மணி ரிப்போர்ட் முடிந்ததும் விதியை மீறி "ஹேப்பி நியூ இயர், தாதா" என்றான். அவன் பாஷையில் தாதா என்றால் அண்ணன். எல்லாம் சரிதானே என்று மறுபடி கேட்டான். என் குரல் ஒரு மாதிரி இருந்ததாம். ஆல் ஓகே, ஆல் ஓகே என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஜனவரி 4, ஞாயிறு

மாரி போனை எடுக்கவில்லை. எடுத்தது அவள் அண்ணன் கருப்பசாமி மச்சான்.

"மாப்ள, மாரி தூங்குது."

பகல் பதினோரு மணி. பின்னால் அவள் இருமுகிற சத்தம் கேட்டது. ஆறு வருஷமாகக் கேட்கிற இருமல், எனக்குத் தெரியாதா?

"உங்க சிநேகிதர் வந்துட்டுப் போனாருங்க. நல்ல புள்ள. உங்களப் பத்தி ஒரே பெருமை. கெடைச்ச லீவத் தூக்கி அப்படியே அவருக்குக் குடுத்துட்டீங்களாமே. மாப்ள, நான் ஒண்ணு சொல்லணும்... வேண்டாம், அது மாரி சொல்ல வேண்டிய விசயம். வச்சிரட்டா?"

இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி இருந்தது. சாப் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என்ன விஷயம்? குழந்தைக்கு ஏதாவது? டாக்டர் ஏதாவது சொன்னாரா? அடுத்த ஞாயிறு வரை இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஜனவரி 5

சரி, எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

எங்களுக்கு இது மூன்றாவது. முதலாவது மூன்றாம் மாதம் போனது. நான் லீவில் வந்து ஐந்தாவது நாள். இரண்டாவது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு லீவு வாங்கிக்கொண்டு மூன்று நாள் ரயிலில் வந்தேன். நாக்பூரில் ஒரு கூடை ஆரஞ்சு வாங்கினேன். வந்து இறங்கியபோது மாரி வாசலுக்கு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். இரண்டு சுளை தின்றாள். களைப்பு என்று நினைத்தேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரி. சாயங்காலம் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். ஆண் பிள்ளை. என் மூக்கு.

அன்றைக்கு வராந்தாவில் என் சித்தி யாரிடமோ சொன்னாள்: "இவன் வந்து கால வச்சாலே தங்க மாட்டேங்குதே." சித்தி கெட்டவள் இல்லை. அழுதுகொண்டே சொன்னாள். நான் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

வேறு யாராவது இதை நம்பினால் நானே கிண்டல் செய்திருப்பேன். பதினோரு வருஷம் வயர்லெஸ் செட்டோடு குடித்தனம் நடத்துகிறவன். ஒயர் அறுந்தால் எங்கே அறுந்தது என்று தேடுவேனே தவிர, ராகு காலம் பார்க்க மாட்டேன். ஆனால் இரண்டு தடவை. இரண்டு தடவையும் நான் இருந்தேன். நான் இல்லாதபோதெல்லாம் அவளும் பிள்ளையும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

ரூபஸ் தங்கைக்குக் கல்யாணம் இல்லையென்றால் வேறு எவனுக்காவது கொடுத்திருப்பேன். இதுதான் உண்மை. அவனுக்கு நான் செய்தது உபகாரம் இல்லை. அவன் எனக்குச் செய்ததுதான் உபகாரம்.

ஜனவரி 8

செட்டுக்கான பேட்டரிகளை ஸ்லீப்பிங் பேக்கில் கூடவே வைத்துக்கொண்டு படுக்கிறோம், இல்லாவிட்டால் செத்துவிடும். சாப் பார்த்துவிட்டு, "புள்ளயாட்டம் கட்டிக்கினு தூங்குறியே" என்றார். பேட்டரியை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

எடுத்தாள்.

"மாரி."

"கேக்குது."

ஒன்று எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

"மாரி, நான் எதுக்குன்னா..."

"நான் ஒண்ணும் கேக்கல. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வியாழக்கெழம, பொங்கலன்னைக்கு, ஆஸ்பத்திரில வந்து படுக்கச் சொல்லிருக்காங்க. வயித்துல தண்ணி கொஞ்சம் கம்மியா இருக்காம். அவ்வளவுதான்."

"கம்மின்னா? எவ்வளவு கம்மி? பயப்படும்படியா..."

"தெரியாதுங்க. பயப்படுறதுக்கு இங்க நான் ஒருத்தி இருக்கேன்ல."

வைத்துவிட்டாள். போனில் இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. சாப் தன் மூன்று நிமிடத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுபடி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அரிசி வேகாது. குக்கர் இல்லாமல் பொங்கல் நடக்காது. குக்கரில் வைத்தால் பொங்குவதை எப்படிப் பார்ப்பது? காலையில் பதினான்கு பேரும் இதைப் பற்றிக் குசுகுசுவென்று சண்டை போட்டோம். கடைசியில் சாப் தீர்ப்பு: சாதம் குக்கரில், பால் மட்டும் தனி ஏனத்தில். பால் பொங்கினால் கணக்கு முடிந்தது.

வெல்லம் உறைந்து பாறையாகியிருந்தது. ஐஸ் கோடரியால் வெட்டினேன். மஞ்சள் கொத்துக்குப் பதில் மஞ்சள்தூளைக் குழைத்து ஏனத்தின் கழுத்தில் தடவினோம். பால் பவுடர் பால் இங்கே கண் இமைப்பதற்குள் ஏறிவிடும் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரே பாய்ச்சல். பொங்கி வழிந்து ஸ்டவ்வை அணைத்துவிட்டது. சத்தம் போடக்கூடாதே, பதினான்கு பேரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "பொங்கலோ பொங்கல், பொங்கலோ பொங்கல்" என்று கிசுகிசுத்தோம். மூக்கில் பனி, தாடியில் பனி, கண்ணில் சிரித்துச் சிரித்துத் தண்ணீர். எனக்கு மட்டும் அது சிரிப்பா என்று தெரியவில்லை.

பால் நன்றாகப் பொங்கியது நல்ல சகுனம். ஸ்டவ் அணைந்தது? அதைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்நேரம் போய்ப் படுத்திருப்பாள். செய்தி ஏதாவது இருந்தால் பேஸுக்குச் சொல்லும்படி மச்சானிடம் முன்பே நம்பர் கொடுத்திருக்கிறேன். நான் தூரத்தில் இருக்கிறேன். நான் அங்கே இல்லை. எதுவும் ஆகாது. நான்தான் அங்கே இல்லையே.

ஜனவரி 16, வெள்ளி

காலை ஏழு மணியிலிருந்து பனிப்புயல். எட்டு மணி ரிப்போர்ட்டுக்குப் பதில் இல்லை. ஒன்பதுக்கும் இல்லை. பத்துக்கு இரைச்சல் மட்டும். ஆண்டெனா சாய்ந்திருக்க வேண்டும். "போய்ப் பாத்துட்டு வந்துர்றேன் சாப்" என்றேன். "கயிறே கண்ணுக்குத் தெரில, நீ எங்கய்யா போவ?" என்றார். எழுந்தேன். தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஊட்டுக்கு உயிரோட போவணும்ல?"

வீட்டுக்குப் போகக் கூடாது என்றுதானே இங்கே இருக்கிறேன்.

பதினொன்று: ஆல் ஓகே. பதில் இல்லை.

பன்னிரண்டு: ஆல் ஓகே. பதில் இல்லை.

ஒன்று: ஆல் ஓகே. பதில் இல்லை. கேட்பவன் இல்லை என்று தெரிந்தும் சொல்ல வேண்டும், அதுதான் விதி. என் முறை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. காதுகளில் ஹெட்போன் வைத்த இடம் புண்ணாகிவிட்டது.

இரண்டு: ஆல் ஓகே.

மூன்று: பொய்.

ஜனவரி 17, சனி

விடிந்ததும் புயல் ஓய்ந்தது. கயிறு கட்டி ஐந்து பேர் போய் ஆண்டெனாவை நிமிர்த்தினோம். எட்டு மணி ரிப்போர்ட்டைச் சொல்லி வாய் மூடவில்லை, பிஸ்வாஸ் பேசினான்.

"மெசேஜ் இருக்கிறது. எழுது."

அவன் குரலில் ஒன்றுமே இல்லை. டீசல் கணக்கு கேட்கிற குரல். செட்டில் பேசும்போது யாருக்கும் சொந்தக் குரல் கிடையாது, எனக்கும்தான். பென்சிலை எடுத்தேன். இந்தியில் வந்ததைத் தமிழில் எழுதுகிறேன்:

'நாயக் பூவலிங்கத்துக்கு. பெண் குழந்தை. நேற்று காலை ஒன்பது பத்து. இரண்டு கிலோ நானூறு. தாயும் சேயும் நலம்.'

"திருப்பிச் சொல்" என்றான். வந்த செய்தியை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னால்தான் அது வந்து சேர்ந்ததாகக் கணக்கு. பதினோரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான செய்திகளைத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். ரேஷன், குண்டு, ஒரு தடவை மரணம்கூட.

"நாயக் பூவலிங்கத்துக்கு," என்றேன். "பெண் குழந்தை." அதற்கு மேல் வரவில்லை.

"திருப்பிச் சொல், தாதா."

மறுபடி ஆரம்பித்தேன். எடை வரைக்கும் வந்தேன். கடைசி வரியைச் சொல்லிவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். மூன்றாம் தடவை சாப் மைக்கை வாங்கித் தன் பஞ்சர் இந்தியில் முழுதும் சொல்லிவிட்டு, "வந்து சேர்ந்தது" என்று முடித்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி எல்லாரையும் கூப்பிட்டார். மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுப்பு. பொங்கலோ பொங்கல்.

எனக்குச் சந்தோஷம். சந்தோஷம்தான். அதைவிடப் பெரிதாக ஒரு நினைப்பு: நான் பயந்தது சரியாகப் போயிற்றே. நான் அங்கே இல்லை, பிள்ளை தங்கிவிட்டது. அப்படியென்றால் இனி எப்படி வீட்டுக்குப் போவது?

ஜனவரி 18, ஞாயிறு

மாரிதான் பேசினாள். குரல் தேய்ந்திருந்தது.

"குறுக்க பேசாம கேளுங்க. மூணு நிமிசம்தான். சித்தி அன்னைக்குச் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. நீங்க ஏன் லீவக் குடுத்தீங்கன்னு எனக்குப் புரிய ரெண்டு வாரம் ஆச்சு. மொதல்ல, என்னைப் புடிக்காமப் போச்சோன்னுதான் நெனச்சேன்."

"மாரி..."

"கேளுங்கன்னேன்ல. மொதப் பிள்ளை மூணாம் மாசம் போச்சு. அது யாருக்கும் நடக்குறதுதான்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. ரெண்டாவது நீங்க வந்ததால போகல. நீங்க வர்றதுக்கு முந்தின நாளே துடிப்பு நின்னு போச்சு. டாக்டரம்மா உடனே படுக்கச் சொன்னாங்க. நான்தான் காலுல விழாத கொறையா ஒரு நாள் கேட்டேன். அண்ணனுக்கு மட்டும் தெரியும்."

ஒன்று எண்ணினேன். இரண்டு, மூன்று எண்ணினேன்.

"நீங்க அப்ப நாக்பூர்ல இருந்து போன் பண்ணி, ஆரஞ்சு வாங்கிருக்கேன், புள்ள செவப்பாப் பொறக்கும்னு சிரிச்சீங்க. அந்த மனுசங்கிட்ட நான் எப்படிச் சொல்ல? ரயில்ல தனியா, ஒரு நாளெல்லாம் அழுதுக்கிட்டு வருவீங்களே. அதான், நீங்க வந்த பொறகு ஆனதாவே இருக்கட்டும்னு விட்டேன். உங்களுக்காகச் சொன்ன பொய்ங்க அது. அது உங்க தலையிலயே இப்படி விழும்னு நான் கண்டேனா?"

அந்த இரண்டு சுளை. வயிற்றில் இருப்பதற்கு உயிர் இல்லை என்று தெரிந்துகொண்டே என் முன்னால் உட்கார்ந்து, நான் உரித்துக் கொடுத்த ஆரஞ்சைத் தின்றாள்.

என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகமில்லை. அழுதேன். சத்தம் போடாமல்தான். சாப் கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசியாக அவள் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது:

"நீங்க வந்து தூக்குற வரைக்கும் இவளுக்குப் பேர் வைக்கப் போறதில்ல. ஊரே கேட்டாலும் சரி. பாப்பா பாப்பான்னுதான் கூப்புடுவோம்."

பின்னால் பாப்பா அழுதது. ஒரு நொடி தாமதமாகத்தான் எனக்குக் கேட்டிருக்கும்.

ஜனவரி 19, திங்கள்

குழந்தை பிறந்தால் ஆபீசுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். சாப் பேனாவை, பதுங்குகுழியைச் சூடாக்குகிற புகாரி அடுப்பில் காட்டி மையை இளக்கிக் கொடுத்தார். பிறந்த தேதி, எடை எல்லாம் எழுதினேன். பெயர் என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"பேரு இல்லாம எப்பிடிய்யா அனுப்புறது?"

"போய்ட்டு வந்து எழுதுறேன் சாப்."

அவர் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து லீவு பட்டியலை எடுத்து நீட்டினார். என் பெயரை எழுதி, சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். பயம் ஒரே நாளில் போய்விடுமா என்ன? நாற்பது நாள் இருக்கிறது, அவள் சொன்னதைத் தினமும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் கடைசி வரிவரை ஒரு நாள் வந்துவிடும்.

பிப்ரவரி கடைசியில் பாதை திறக்கிறது. முதல் பார்ட்டியில் முதல் பெயர் என்னுடையது. இந்தத் தடவை எவன் வீட்டுக் கல்யாணமானாலும் சரி, விட்டுக்கொடுப்பதாக இல்லை.